தண்ணின்னுதான் எழுதியிருந்தேன்

தண்ணியா? குடுங்க. கேக்கறேன்னு தப்பா நெனைக்காதீங்க, இது என்ன தண்ணிங்க? அட, கிண்டல் இல்லீங்க. வீட்டுல புடிச்சதா, கடையில வாங்குனதான்னு கேட்டேன். வீட்டுதா, சரி. நல்லா இருக்குது. தண்ணின்னு யாரு குடுத்தாலும் என்ன தண்ணின்னு கேட்டுக்கறது இப்ப எனக்குப் பழக்கமாயிப் போச்சுங்க. போன சித்திரையில இருந்து இந்தப் பழக்கம்.

எதுக்குன்னு கேக்கறீங்களா? சொல்றேன். நீங்க இந்தப் பஸ்ஸுல எதுவரைக்கும்? தாராபுரமா? நானும் அங்கதான் எறங்கறேன். அப்ப சொல்லி முடிச்சுரலாம். முடிச்சுட்டு உங்களையே கேக்கறேன், நாயம் யாரு பக்கம்னு. நீங்க வெளியாளு, ரெண்டு பக்கமும் உங்களுக்கு ஒண்ணுதான். எங்க சொந்தபந்தம் பூராவும் ஒரே பக்கமாச் சாஞ்சுட்டாங்க. என் பக்கம் நான் மட்டும்தான் இருக்கறேன். இருந்துட்டுப் போறேன், எனக்கென்ன.

பேரு பூபதிங்க. சிங்காநல்லூர்ல ஒர்க்‌ஷாப். கார் ட்யூனிங். சும்மா ஆயில் மாத்தறது, பிரேக் பாக்கறது எல்லாம் இல்லீங்க. கம்பெனிக்காரன் குடுத்த எஞ்சின அவன் நெனைச்சதுக்கு மேல ஓட வெக்கறது. சைலன்சர்ல வர்ற பொகைய மோந்து பாத்தே கலவை சரியா தப்பான்னு சொல்லீருவேன். பெங்களூர்ல இருந்து வண்டி வரும் எங்கிட்ட. பெருமைக்குச் சொல்லலை. பெருமைதான், இருந்தாலும் பெருமைக்குச் சொல்லலை.

வேட்டி, சட்டை எல்லாம் புதுசுதான். நகத்துல மட்டும் கிரீஸ் போகலைங்க. எலுமிச்சம்பழம் போட்டுத் தேச்சேன், சீயக்காய் போட்டுத் தேச்சேன், போகலை. காதுகுத்துக்குப் போறேன். எந்தங்கச்சி மகளுக்கு. நாந்தான் தாய்மாமன். என் மடியில உக்கார வெச்சுத்தான் அந்தப் புள்ளைக்குக் காது குத்தணும். இந்தாங்க, இந்தப் பையில பட்டுப்பாவாடை, சட்டைப் பையில கம்மல். எல்லாம் மொறைப்படி எடுத்துட்டுத்தான் போறேன்.

பத்திரிகையா? வரலை. போனா? அதும் வரலை. தாய்மாமனுக்கு எதுக்குங்க பத்திரிகை? பத்திரிகை வெளியாளுங்களுக்கு. மடி என்னுது. நான் போறேன், உக்காருவேன். எந்திரிச்சுப் போன்னு எவன் சொல்றான்னு பாக்கறேன்.

இருங்க, மொதல்ல இருந்து சொன்னாத்தான் புரியும்.

எந்தங்கச்சி பேரு கோமதி. மாப்ள பேரு சந்திரமோகன். திருப்பூர்ல பனியன் கம்பெனியில மேனேஜர், தங்கமான மனுசன். ஆனா கார்னா பைத்தியம். அது என்னால வந்த பைத்தியம்னு அவ சொல்லுவா. அது பொய்யிங்க, கல்யாணத்துக்கு முந்தியே அவருக்கு இருந்துச்சு. நான் கொஞ்சம் தண்ணி ஊத்தி வளத்தேன், அவ்வளவுதான். ஆமாங்க, அந்தத் தண்ணியேதான், அதுக்குத்தான் வர்றேன்.

நானும் மாப்ளயும் ஒரே மாடல்ல ரெண்டு காரு வாங்கினோம். பழைய செடான், பெட்ரோல் வண்டி, கம்பெனியிலயே டர்போ போட்டு வந்தது. டர்போன்னா உங்களுக்குத் தெரியுமுங்களா? பொகை வெளிய போற வேகத்துல ஒரு விசிறி சுத்தும். அது காத்தைப் புடிச்சு எஞ்சினுக்குள்ள அமுக்கும். காத்து ஜாஸ்தி போனா பெட்ரோல் ஜாஸ்தி எரிக்கலாம், வண்டி பறக்கும். ஆனா அமுக்குன காத்து கொதிக்கும். சைக்கிளுக்குக் காத்தடிச்சா பம்பு சுடுதில்ல, அதே கதைதான். அந்தச் சூட்டுல பெட்ரோல் நேரங்கெட்ட நேரத்துல வெடிச்சு, உள்ள சுத்தியல்ல அடிக்கற மாதிரி டக்கு டக்குன்னு தட்டும். தட்டுனா பிஸ்டன் போச்சு.

அதுக்கு ஒரு வைத்தியம் இருக்குது. மெத்தனால்னு ஒரு சாராயம், குடிக்கறதுக்கு இல்ல, குடிச்சா கண்ணு போயிரும், உசுரும் போயிரும். அதையும் தண்ணியையும் பாதிக்குப் பாதி கலந்து, வண்டி முறுக்கறப்ப மட்டும் காத்தோட சேத்துப் பனியாட்டம் தெளிக்கறது. டிக்கியில ஒரு சின்ன வெள்ளை டேங்கு, ஒரு பம்பு, ஒரு ஊசி நாசில். காத்து அப்படியே குளுந்துரும். அப்புறம் டர்போவை எவ்வளவு ஏத்தினாலும் எஞ்சின் தட்டாது.

முன்சீட்டு அம்மிணி, நீங்க எதுக்குங்க திரும்பித் திரும்பிப் பாக்கறீங்க? நாங்க காரைப் பத்திப் பேசறோம். சாராயம் காருக்கு, எனக்கில்ல. முன்னாடி பாருங்க.

இப்படித்தானுங்க எல்லாரும். சாராயம்ங்கற பேரைக் கேட்டாப் போதும். கோமதியும் இப்படித்தான். நான் மாப்ள வண்டியில அந்தத் தெளிக்கற கிட்டைப் போட்ட அன்னைக்கு வந்து நின்னு, "டப்பாவுல என்னங்கண்ணா?"ன்னு கேட்டா. நானும் அறிவுகெட்டத்தனமா உண்மையைச் சொல்லிப்போட்டேன். அவ்வளவுதான், புடிச்சுக்கிட்டா. "வெசச் சாராயம் வெச்சிருக்கற வண்டியில எம்புள்ளைய ஏத்தமாட்டேன். கழட்டுங்கண்ணா"ன்னு ஒரே புடியா நின்னா. மூடி எறுக்கமா இருக்குது, ஒரு சொட்டு வெளிய வராது, நானே செஞ்சதுன்னு எவ்வளவோ சொல்லிப் பாத்தேன். கேக்கலை.

சரின்னு நானும் மாப்ளயும் ஓசனை பண்ணோம். ஒரு வாரம் கழிச்சு, "சாராயத்தை எடுத்தாச்சு அம்மிணி, இப்ப வெறும் தண்ணிதான் தெளிக்குது"ன்னு சொல்லீட்டோம். அவ சும்மா நம்புவாளா? அதனால டேங்கு மேலயே மார்க்கர் எடுத்து, பெரிய எழுத்துல, என் கையால எழுதி வெச்சேன். "தண்ணி"ன்னு.

பொய்யா? என்னங்க நீங்களும் இப்படிக் கேக்கறீங்க! அதுல பாதி தண்ணிதானுங்களே. பாதிக்குப் பாதி. அதும் போக, தண்ணின்னா நம்மூர்ல என்ன அர்த்தம்? "அவன் தண்ணி போட்டுட்டு வந்திருக்கான்"னா பச்சத்தண்ணியா போட்டுட்டு வந்திருக்கான்? தண்ணின்னா தண்ணிதான், "தண்ணி"ன்னா சாராயம்தான். எப்படிப் பாத்தாலும் நான் எழுதினது பொய்யில்ல. ஒர்க்‌ஷாப்லயும் நாங்க அதைத் தண்ணின்னுதான் சொல்லுவோம். "மச்சான், ரெண்டாவது கியர்ல தண்ணி உள்ள போனதும் வண்டி பிச்சுக்குது"ன்னு மாப்ள போன்ல சொல்லுவாரு. பக்கத்துல கோமதி உக்காந்து முருங்கக்கீரை உருவிட்டிருப்பா. ஒண்ணும் தெரியாது. நல்லாத்தான் போயிட்டிருந்துச்சு.

இப்ப முக்கியமான சங்கதி. அந்தச் சாராயமும் எரியுமில்லீங்களா? அது எரியற அளவுக்குப் பெட்ரோலைக் கொறைச்சாத்தான் கலவை சரியா நிக்கும். நான் கொறைச்சேன். தைரியமாக் கொறைச்சேன். சாராயம் வராம வெறும் தண்ணி வந்தா, பெட்ரோல் பத்தாம எஞ்சின் சூடேறிப் பிஸ்டன் உருகீரும், ஆனா சாராயம் வராம எங்க போகுது? அந்த மாதிரி ட்யூன் இந்தச் சுத்துவட்டாரத்துல எவனும் பண்ணமாட்டான். மாப்ளதான் கேட்டாரு, "மச்சான், டேங்குல வேற ஏதாச்சும் ஊத்திட்டா என்னாகும்?"னு. நான் சிரிச்சேன். டேங்குல இருந்து தெளிக்கறது நின்னா டர்போவை அடக்கறதுக்கு ஒரு சென்சார் வெச்சிருக்கறேன், தெரியுமுங்களா? பாதுகாப்பு இல்லாம நான் எதும் பண்றதில்ல. ஆனா அந்த சென்சார் தண்ணி போகுதான்னு பாக்கும், எந்தத் தண்ணின்னு பாக்காது. "வேற ஏதாச்சும் எவன் மாப்ள ஊத்துவான்?"னு கேட்டேன். நாயமான கேள்விதானுங்களே?

சித்திரையில டிராக்குல போட்டி வெச்சாங்க. நேர் ஓட்டம், ரோட்டுல ஓடற காருங்களுக்கு மட்டும். நம்ம வண்டியில பின்சீட்டு இருக்குது, ஏசி இருக்குது, மேல கொழந்தைக்கு வெயில் படாம இருக்கத் துணிகூடத் தொங்குது. அந்த வண்டியில மொதல்ல வரணும்னு எனக்கும் மாப்ளைக்கும் ஒரு வெறி. எட்டு மாசம் ராப்பகலா அதுலயே கெடந்தோம். ஜெயிச்சிருந்தா என் பேரு எங்க போயிருக்கும்னு நெனைக்கறீங்க? விடுங்க.

கோமதியும் வந்தா. புள்ளையத் தூக்கிட்டு, புளிச்சோறு கட்டிக்கிட்டு, சந்தோசமாத்தான் வந்தா. காலையில மாப்ள வண்டிய ஒருவாட்டி ஓட்டிப் பாத்தாரு. அருமையா வந்துச்சு. டேங்குல சரக்கு கொறைஞ்சு சிவப்பு லைட்டு எரிஞ்சுது. கலந்து வெச்ச கேன் என் வண்டியில இருந்துச்சு, போயி எடுத்துட்டு வரணும். போயிட்டுத்தான் இருந்தேன். வழியில நாலு பேரு புடிச்சுக்கிட்டாங்க. "அண்ணா, எப்பிடிங்கண்ணா இப்படி இழுக்குது?"ன்னு கேட்டா மூஞ்சியத் திருப்பிட்டா போறது? நின்னு சொன்னேன். கொஞ்ச நேரந்தான். சரி, கொஞ்சம் ஜாஸ்தி நேரந்தான்.

நான் திரும்பி வர்றப்ப லைட்டு எரியலை. டிக்கியத் தொறந்து பாத்தா டேங்கு தளும்பத் தளும்ப நெறைஞ்சிருக்குது. மாப்ள ஊத்தியிருப்பாருன்னு நான் நெனைச்சேன். நான் ஊத்தியிருப்பேன்னு அவரு நெனைச்சாரு. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக் கட்டை விரலைத் தூக்கிக் காட்டிக்கிட்டோம்.

மோந்து பாத்திருக்கலாமேன்னா? மாப்ளயும் அதேதான் கேட்டாரு. டேங்கைப் போயி யாருங்க மோந்து பாப்பாங்க? பொகையத்தான் மோப்பேன், டேங்கை மோக்கமாட்டேன்.

கொடி எறங்குச்சு. வண்டி கெளம்புன வேகத்துக்குப் பக்கத்துத் தடத்துல நின்னவன் நின்ன எடத்துலயே நின்ன மாதிரி இருந்துச்சு. மொத கியர், ரெண்டாவது, மூணாவது. நான் கத்தறேன், தொண்டை கிழியக் கத்தறேன். நாலாவது கியரு போட்டாரு. டப்புன்னு ஒரு சத்தம். பின்னாடி வெள்ளையா ஒரு பொகை. வண்டி அப்படியே பொசுபொசுன்னு உருண்டு போயி ஓரமா நின்னுச்சு. மாப்ளைக்கு ஒண்ணும் இல்ல, சாமி புண்ணியம். பிஸ்டன்ல என் சுண்டுவெரல் போற அளவுக்கு ஓட்டை.

ஓடிப்போயி டிக்கியத் தொறந்து டேங்குல வெரலை உட்டு நாக்குல வெச்சேன். சாராயம் சுள்ளுங்கும்ல? இது இனிக்குது. தண்ணி. சுத்தமான பச்சத்தண்ணி. பச்சத்தண்ணிகூட இல்லீங்க, கொதிக்க வெச்சு ஆற வெச்சு வடிகட்டுன தண்ணி. கொழந்தைக்குன்னு ரெண்டு பாட்டல்ல கொண்டு வந்திருந்தாளாம். சிவப்பு லைட்டு எரிஞ்சா தண்ணி கொறைஞ்சுருச்சுன்னு அர்த்தம்னு முன்னாடி அவளுக்கு நாந்தான் சொல்லிக் குடுத்திருந்தேன். லைட்டு எரியுது, எங்களைக் காணோம், ஓட்டத்துக்கு நேரமாயிருச்சு. புள்ளைக்கு வெச்சிருந்த தண்ணியத் தூக்கி வண்டிக்கு ஊத்திட்டா.

எனக்குக் கண்ணு மண்ணு தெரியலைங்க. அத்தன பேரு முன்னாடி, "எவ என் வண்டியில கைய வெச்சது? பொம்பளைக்கு எதுக்குடி இந்த வேலை?"ன்னு கத்திப்போட்டேன். கத்துனது தப்பு. அதை ஒத்துக்கறேன். சத்தம் கொஞ்சம் ஜாஸ்திதான். ஆனா விசயம் சரிதானுங்களே?

அவ அழுவலை. புள்ளைய இடுப்புல தூக்கி வெச்சுக்கிட்டு டேங்குக்குப் பக்கத்துல வந்தா. நான் எழுதின எழுத்து மேல வெரலை வெச்சா. எப்பவும் "வாங்கண்ணா, போங்கண்ணா"ங்கறவ, "நீ தண்ணின்னு எழுதின. நான் தண்ணி ஊத்தினேன்"னா. அவ்வளவுதான் சொன்னா. சுத்தி நின்ன பசங்க சிரிச்சானுங்க. எஞ்சின் போனதைவிட எனக்கு அதுதானுங்க பொறுக்கலை.

அப்புறம் வீட்டுல பஞ்சாயத்து. சாராயத்தை எடுக்கவே இல்லைங்கறதும் வெளிய வந்துருச்சு. அவ சொன்னது இதுதான்: "தப்பு என்னுதுன்னு ஒத்த வார்த்தை சொல்லு. சொல்லாட்டி எம்மகளுக்கு நீ மாமன் இல்ல. பெரியம்மா பையன் மடியில உக்கார வெச்சுக் காது குத்திக்கறேன்."

நான் சொல்லுவனா? நீங்களே சொல்லுங்க. பண்ணாத தப்பை எப்படிச் சொல்றது? மாப்ள ரொம்பக் கெஞ்சினாரு. "மச்சான், பாதித் தப்பு நம்ம மேல, பாதித் தப்பு அவ மேலன்னு முடிச்சுக்கலாம்"னாரு. பாதிக்குப் பாதிகூட ஒத்துக்க முடியாதுன்னுட்டேன். பூபதி சொன்னாச் சொன்னதுதான்.

கார் வெச்சிருக்கறவன் எதுக்குப் பஸ்ஸுல போறான்னு கேக்கலாமான்னு ஓசிக்கறீங்க, மூஞ்சியப் பாத்தாத் தெரியுது. என் காருல எஞ்சின் இல்லீங்க. கழட்டி மாப்ள வண்டியில போட்டுட்டேன். ரெண்டும் ஒரே மாடல்தான், கச்சிதமா உக்காந்துருச்சு. ஐயோ, தப்பை ஒத்துக்கிட்டுப் போட்டேன்னு நெனைச்சுராதீங்க! மாப்ள தெனமும் திருப்பூர் போயிட்டு வரணும், புள்ளைய ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்னா வண்டி வேணும். என் எஞ்சின் சும்மா கெடந்துச்சு. சும்மான்னா, நான் தெனமும் ஓட்டிட்டுத்தான் இருந்தேன். இருந்தாலும் சும்மாதான்.

அந்தக் கிட்டையும் கழட்டிட்டேன். டேங்கு, பம்பு, நாசில் எல்லாத்தையும். அவ சொன்னாங்கறதுக்காக இல்ல. டிக்கியில எடம் வேணுமில்ல, புள்ளையோட தள்ளுவண்டி வெக்க. இப்ப அது கம்பெனியில இருந்து வந்த மாதிரியே சாதுவா ஓடுது. எனக்குப் பாக்கவே வயித்தெரிச்சலா இருக்குது.

வண்டிய எடுத்துட்டுப் போனப்ப, "யாரோட எஞ்சின்?"னு கேட்டாளாம். மாப்ள சொல்லியிருக்காரு. அவ உள்ள போயிட்டாளாம். ரொம்ப நேரம் வெளிய வரலையாம். பாத்தீங்களா, ஒரு நன்றிகூட இல்ல. அவ்வளவு அகங்காரம். எங்கப்பன் மாதிரியே. எங்க குடும்பத்துல அந்தக் கொணம் அவளுக்கு மட்டும்தான்.

அதனாலதான் போறேன். மன்னிப்புக் கேக்க இல்ல. மடிய எடுத்துட்டுப் போறேன். போயி நேரா மணையில உக்காந்துருவேன். வேற எவன் மடியிலயாச்சும் அந்தப் புள்ள உக்காந்திருந்தா? உக்காந்திருந்தா...

தெரியலைங்க. அதை நான் நெனைச்சுப் பாக்கலை. ராத்திரியெல்லாம் நெனைச்சேன், இருந்தாலும் நெனைச்சுப் பாக்கலை. அந்தப் புள்ளைக்கு மொதமொதல்ல பேச்சு வந்தப்ப "மாமா"ன்னுதாங்க சொல்லுச்சு. அம்மான்னுகூட அப்புறந்தான். இந்த எட்டு மாசத்துல எவ்வளவு பேசக் கத்துக்கிச்சோ, எனக்கு ஒண்ணும் தெரியாது.

அந்தத் தண்ணிய இன்னும் கொஞ்சம் குடுங்க.

இருங்க, போன் அடிக்குது. யாரு? கோமதி. கோமதின்னுதானுங்க போட்டிருக்குது? நீங்க ஒருதடவை பாருங்க, கண்ணாடி இல்லாம எனக்குச் சரியாத் தெரியலை. எட்டு மாசமா வராத பேருங்க இது. எடுக்கட்டுமா? எடுக்காம விட்டாத்தான் நான் யாருன்னு தெரியும். எடுக்கறேன்.

ம். சொல்லு. பஸ்ஸுல. குண்டடம் தாண்டியாச்சு. ம். ம்... சரி. சரி அம்மிணி. வாங்கிட்டு வர்றேன். ம்.

வெச்சுட்டா.

இருங்க, சட்டைப் பையில கம்மல் பத்திரமா இருக்குதான்னு பாத்துக்கறேன், இருக்குது. சந்தோசந்தான், வேறென்ன. என்ன சொன்னான்னா, "ஆசாரி வந்து உக்காந்தாச்சு. பாப்பா யாருகிட்டயும் போகமாட்டேங்குது, மாமா மடின்னுட்டு நிக்குது, வெரசா வாங்க"ன்னா. வாங்கன்னா! கேட்டீங்கல்ல? எட்டு மாசத்துக்கப்புறம் "வாங்க"ங்கறா. நான் வருவேன்னு அவளுக்குத் தெரிஞ்சிருக்குது பாருங்க, கெளம்பிட்டீங்களான்னுகூடக் கேக்கலை. நேரா, "எங்க வந்துட்டிருக்கீங்க?"ன்னுதான் கேட்டா. நான் ஒரு வார்த்தை எறங்கிப் பேசினனா? நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க, சொல்லுங்க. எறங்கலை. ஜெயிச்சது யாரு? நாந்தான்.

அப்புறம் இன்னொண்ணும் சொன்னா. கோயில்ல கூட்டம் ஜாஸ்தியாம். "வர்றப்பத் தாராபுரத்துல ரெண்டு கேன் தண்ணி வாங்கிட்டு வாங்கண்ணா"ன்னா. நான் சரிங்கறதுக்குள்ள, கொஞ்சம் நிறுத்தி அவளே சொல்றா, "குடிக்கற தண்ணிங்கண்ணா."

எந்தங்கச்சி புத்திசாலிங்க. எங்க வீட்டு ரத்தமில்லீங்களா. தண்ணின்னு மொட்டையாச் சொல்லி உடாம, குடிக்கற தண்ணின்னு வெளக்கமாச் சொன்னா பாருங்க. இப்படி வெளக்கமாச் சொல்லிப்போட்டா எவனாச்சும் தப்புப் பண்ணுவானா? மொட்டையாச் சொன்னாத்தானுங்க அடுத்தவங்க ஏமாந்து போறது?

ஏனுங்க, எதுக்குச் சிரிக்கறீங்க?